வால் வெட்டாத மீன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் வசிக்கும் கார்ஜிலிருந்து பாரிசுக்குப் போகும் D ரயிலில் எனக்கு எதிர் இருக்கையில் ஒரு மீன் பயணம் செய்தது.

சரியாகச் சொன்னால், என் கணவரின் மடியில் படுத்திருந்தது. தலையிலிருந்து இடுப்பு வரைக்கும்... மீனுக்கு இடுப்பு உண்டா? ஏதோ ஒன்று... அதுவரைக்கும் அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. வால் மட்டும் வெளியே. அந்த வாலில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று அவர் ஒரு கையை விரித்து மறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்கூட அவர் இத்தனை பத்திரமாகப் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு மதாம் வாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"முசியே, அது உயிரோடு இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை மதாம். நான் பிடித்தது" என்றார் என் கணவர்.

கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? கிடையாது. ஆனால் அன்றைக்கு அவரிடம் யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கணவர் நேசனைத் தெரியும். ரொய்சி விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு விசயம் சொன்னால் போதும் — மனிதர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தவர். சுன்னாகத்தில் சந்தை உண்டு. தோட்டம் உண்டு. கடல் கிடையாது. அவர் கடலோடு பழகத் தொடங்கியது நோர்மண்டியில், ஐம்பது வயது தாண்டிய பிறகு. பழகிய அன்றே தலைகால் புரியவில்லை.

காரணம் ஒரு மீன். பிரெஞ்சுக்காரர் அதை 'பார்' என்பார்கள். நம் கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும். கோடையில் ஆழத்தில் சுற்றிவிட்டு, இலையுதிர் காலம் வந்ததும் கரைக்கு நெருங்கி வரும். குளிருக்கு முன்னால் வயிற்றை நிரப்ப வேண்டுமல்லவா? சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு அலை உடைகிற இடம்வரைக்கும் வந்துவிடும். வள்ளம் வேண்டாம், வலை வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டிலை எறிந்தால் போதும்.

இதெல்லாம் அவர் இணையத்தில் பார்த்துப் படித்தது. செயல்முறை வேறு. மூன்று இலையுதிர் காலங்களாகப் போய்வந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தவை — நனைந்த காலுறைகள், விடாத தும்மலும் தடிமனும், ஒருமுறை யாரோ ஒருவரின் இடதுகால் சப்பாத்து. ஒரு பார் மீனின் செதில்கூட வரவில்லை. கடைசியில் அப்படி ஒரு மீன் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இது இப்படியே போயிருந்தால் ஒரு பொழுதுபோக்கு. அவ்வளவுதான். ஆனால் மனிதர் இந்தச் சித்திரையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் மகள் ஆரணி, யான் என்ற பையனைக் கட்டப்போகிறாள். பிரெஞ்சுப் பையன், பிரான்சின் மேற்கே பிரித்தானிக் கடற்கரைப் பக்கம். சித்திரையில் இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒரு ரெஸ்டோரண்டில் சந்தித்தோம். யானின் அப்பா லோயிக், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். ஆரணி அதை முன்னமே சொல்லியிருந்தாள். 'கவுண்மேந்து வேலை' என்று காதில் விழுந்ததும் நாங்கள் நிறைந்துபோனோம். "பென்சன் வருமோ?" என்று மட்டும் இவர் கேட்டார். வருமாம். அதற்கு மேல் ஒரு யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்பதற்கு என்ன இருக்கிறது? எந்தக் கந்தோர், என்ன வேலை — மூச்சு விடவில்லை.

லோயிக் அதிகம் பேசாத மனிதர். இவருக்கோ பிரெஞ்சு வேலைத்தளத்தோடு சரி. இரண்டு சம்பந்திகளும் மழையைப் பற்றி ஒருமுறை பேசினார்கள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது முறையும் மழை வரப்போகிறதே என்ற பதற்றத்தில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "முசியே, நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது, நான் பிடித்த பார் மீன்தான் சாப்பிடுவீர்கள்."

லோயிக்கின் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியா?" என்றார். அந்த ஒரு 'அப்படியா'வை இவர் ஆறு மாதமாக நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தார்.

விருந்து போன ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. பிடித்தால் மானம். பிடிக்காவிட்டால் கோழிக்குழம்பு.

இந்த முறை நானும் கூடவே போனேன். வான் வண்டியை ஓட்டியவர் அல்பிரட் அண்ணை — பேசாலைக்காரர், கிறிஸ்தவர், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார், எங்கள் குடும்ப நண்பர். ஊரில் வலை போட்ட மனிதர். தூண்டில்காரர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. மடக்குக் கதிரையில் இருந்து வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்.

இதில் ஒரு சிக்கல். அது புரட்டாதிச் சனி. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது. எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சோற்றில் கைவைப்பது.

"மச்சம் கூடாத நாளிலை மீன் பிடிக்கலாமோ?" என்று நான் கேட்டேன்.

"பிடிக்கலாம். சாப்பிடத்தான் கூடாது" என்றார், ஏதோ உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பவர் மாதிரி.

கடற்கரையில் போய் இறங்கினால் அடுத்த தீர்ப்பு. எல்லோரும் கடற்புழுவைத் தூண்டிலில் கொளுவிக்கொண்டு நிற்கிறார்கள். அல்பிரட் அண்ணையும் கடையில் சொல்லிவைத்து ஒரு டப்பா வாங்கி வந்திருந்தார். நெளிகிறது. இவர் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"புழு மச்சம் அண்ணை. இண்டைக்குத் தொடேலாது."

"அப்ப எதைக் காட்டிப் பிடிக்கப்போறாய்? கத்தரிக்காயையோ?"

இவர் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் மீனை எடுத்தார். விரல் நீளம், வெள்ளி நிறம், கண்கூட வைத்திருந்தார்கள். "இது சைவம்" என்றார்.

அல்பிரட் அண்ணை சிரித்துச் சிரித்துக் கதிரையோடு கூழாங்கற்களில் சரிந்தார். நான் போய்த் தூக்கிவிட்டேன்.

காலை முழுக்க எறிந்தார். காற்று மேற்கிலிருந்து அடித்தது. அலை நுரைத்து நுரைத்து வந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மீனைக் காணவில்லை. மத்தியானம் ஆனதும் நான் தயிர்ச்சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். அல்பிரட் அண்ணை ஒரு சொசேஜ் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு, "நான் வேதக்காரன், எனக்குச் சனி பிடிக்காது" என்றார்.

எங்களுக்குப் பிடிக்குமே. முதலில் காகத்துக்கு வைக்க வேண்டும். ஆனால் நோர்மண்டிக் கடற்கரையில் காகத்துக்கு எங்கே போவது? இருந்ததெல்லாம் கடற்புறாக்கள். வெள்ளை வெளேரென்று, கோழி அளவில், களவெடுக்கிற பார்வையோடு. இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பிடி தயிர்ச்சோற்றை உருட்டி ஒரு தட்டையான கல்லில் வைத்தார். கண்ணை மூடினார்.

"அப்பா, அது காகம் இல்லை" என்றேன். பதற்றத்தில் நான் அவரை அப்பா என்பேன்.

"நீர் சும்மா இரும். சனீஸ்வரன் பிரான்சுக்கு வந்தா, வாகனத்தையும் இஞ்சைதானே எடுக்க வேணும்."

ஒரு கடற்புறா வந்து ஒரே விழுங்கில் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்தியது. இவர் கையைத் துடைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, பிளாஸ்ரிக் மீனை எறிந்து, இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார்...

தூண்டில் தடி வளைந்தது.

நான் கற்பாறை என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். பிறகு அந்தக் கற்பாறை இடது பக்கமாக ஓடத் தொடங்கியது. "இஞ்சேர், இஞ்சேர், இஞ்சேர்" என்று என்னைக் கூப்பிட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. நல்லவேளை, நான் சேலை உடுத்தியிருக்கவில்லை, சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடிப்போய் அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அலை வந்து என் நெஞ்சில் அடித்தது. குளிரில் உயிர் போகிறது. இருவரும் சிரிக்கிறோம். எதற்குச் சிரிக்கிறோம்? தெரியாது. கலியாண வீட்டில் ஊஞ்சலில் ஏற்றிவிட்ட பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு, பின்னால் பின்னால் நடந்து, கூழாங்கற்களில் இருவரும் ஒன்றாக விழுந்தோம். நாங்கள் விழுந்த இடத்துக்கு முன்னால் ஒரு அலை வந்து மீனை வைத்துவிட்டுப் போனது.

வெள்ளியை உருக்கி வார்த்த மாதிரி ஒரு மீன். அல்பிரட் அண்ணை அளவுநாடாவை வைத்தார். நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது சட்டம். இது அறுபதையும் தாண்டி நின்றது.

மூன்று வருடம். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கிலிருந்து கடல்தண்ணீர் வடிந்தது. கண்ணிலிருந்து வடிந்தது கடல்தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது அல்பிரட் அண்ணை ஒரு கத்தரிக்கோலை நீட்டினார்.

"இந்தா தம்பி. வாலின்ரை கீழ்ப்பாதியை வெட்டு."

"ஏன்?"

"சட்டம். தூண்டில்காரன் பார் பிடிச்சா உடனை வாலை வெட்ட வேணும். பிறகு அதைக் களவாக் கடைக்கு விக்கேலாது எல்லோ. வால் வெட்டிக் கிடந்தா கையாலை பிடிச்சது. முழுசாக் கிடந்தா கடை மீன்."

இவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாலை மூடிக்கொண்டார்.

"அண்ணை, குடுமி இல்லாத தேங்காயைக் கும்பத்திலை வைப்பமோ? சம்பந்தி முதல் முதல் எங்கடை வீட்டிலை கை நனைக்க வாறார். அவருக்கு மூளி மீனை வைக்கிறதோ?"

"கொந்த்ரோல் வந்தா அமோந் எழுதுவான்." பரிசோதனையையும் தண்டப்பணத்தையும் நாங்கள் பிரெஞ்சில்தான் சொல்வது, பயம் அந்த மொழியில்தான் வரும்.

"ஞாயித்துக்கிழமை எங்கடை குசினி அடுப்படிக்கு ஆர் கொந்த்ரோலுக்கு வரப்போறான்?" என்றார் என் கணவர்.

அல்பிரட் அண்ணை என்னைப் பார்த்தார். நானா மறுக்கப் போகிறேன்? கும்பத்துத் தேங்காய் என்றதும் நானும் விழுந்துவிட்டேன். வால் முழுதாக வீட்டுக்கு வந்தது. புரட்டாதிச் சனியில் மீனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் விடமாட்டேன் என்று நான் என் பங்குக்கு ஒரு தீர்ப்புச் சொன்னதால், அல்பிரட் அண்ணையின் ஐஸ் பெட்டியோடு பல்கனியில் தங்கியது.

ஞாயிறு காலை ஓவனைத் திறந்து அளந்தால்... மீன் கொள்ளவில்லை. நேராக வைத்தாலும் மூலைக்கு மூலை வைத்தாலும் வால் வெளியே நிற்கிறது. ஆரணி கோப்பியோடு வந்து பார்த்துவிட்டு, "வாலை வெட்டினால் சரிதானே" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு அவர் திருப்பிக் கொடுத்த பார்வை இருக்கிறதே. பிள்ளை கோப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதனால்தான் அந்த ரயில் பயணம். லா சப்பலில் எங்களுக்குத் தெரிந்த பேக்கரி ஒன்றில் பணிஸ் என்கிற பன் ரொட்டியை வெதுப்பும் பெரிய போறணை அடுப்பு இருக்கிறது. மிளகும் மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் பூசி, கறிவேப்பிலையைப் பரப்பி, பணிஸ் தட்டு வெளியே வந்த கையோடு மீனை உள்ளே விட்டார்கள்.

ஞாயிறு காலை லா சப்பலைத் தெரியுமல்லவா? அரை மணித்தியாலத்துக்குள் பாதி யாழ்ப்பாணம் பேக்கரி வாசலில் நின்றது. எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"அண்ணை, எந்தக் கடையிலை வாங்கினது?"

"வாங்கேல்லை. பிடிச்சனான்."

"ஓம் ஓம்... பிடிச்சதுதான். கிலோ என்ன விலைக்குப் பிடிச்சனீங்கள்?"

அவர்கள் கண்ணடித்துக்கொண்டு போனார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் காற்றையும் அலையையும் கையால் காட்டினார். ஒருவரும் நம்பவில்லை. திரும்பும் ரயிலில் சூடான தட்டைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்: "லோயிக் நம்பினாக் காணும். மற்றவை நினைக்கிறதை நினைக்கட்டும்."

மத்தியானம் சம்பந்திகள் வந்தார்கள். லோயிக், அவருடைய மனைவி அனிக், யான். எங்கள் பெரிய தாம்பாளத்தில் மீன் முழுதாகப் படுத்திருந்தது. வால் விளிம்பைத் தாண்டி அழகாக விரிந்து நின்றது. நேசன் இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

லோயிக் குனிந்தார். தலையைப் பார்த்தார், தலையாட்டினார். முதுகைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். பிறகு வாலுக்கு வந்தார். அங்கே நின்றார். முகத்திலிருந்த வெளிச்சம் மெதுவாக அணைந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, துவாலையை மடியில் விரித்தார்.

"அருமையான பார்" என்றார், மரியாதையாக. "எங்கே வாங்கினீர்கள்?"

நேசன் என் பக்கம் திரும்பினார்.

யான் சிரித்தான். "அப்பாவுக்கு வாலைக் காட்டினால் போதும், மீனின் முழுக் கதையையும் சொல்லிவிடுவார். வேலைக்காலம் முழுக்கத் துறைமுகங்களில் இதைத்தானே பரிசோதித்தார். எத்தனை தூண்டில்காரருக்கு அமோந் எழுதினார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது."

நான் ஆரணியைப் பார்த்தேன். "ஏன்டி நீ சொல்லேல்லை?" என்று பல்லுக்குள் கேட்டேன்.

"நீங்கள் பென்சனைப் பற்றி மட்டும்தானே கேட்டீங்கள்" என்றாள்.

நிலைமையைப் பாருங்கள். 'கடையில் வாங்கியது' என்றால் ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த வாக்குப் போச்சு. பெண் வீட்டார் முதல் விருந்திலேயே புளுகினார்கள் என்றாகும். 'பிடித்தது' என்றால், வால் வெட்டாமல் சட்டத்தை மீறிய மீனை, அதே சட்டத்துக்குக் காவல் நின்ற மனிதருக்கே பரிமாறியிருக்கிறோம். கொந்த்ரோல் எங்கள் குசினிக்கே வந்து, நாங்களே கதிரை போட்டு இருத்தியிருக்கிறோம்.

நான் முடிவெடுத்தேன். மானம் போனால் பிறகு தேடிக்கொள்ளலாம். "லா சப்பலில்தான். எங்களுக்குத் தெரிந்த கடை" என்று பிரெஞ்சில் பளிச்சென்று சொன்னேன்.

"நல்ல கடை" என்றார் லோயிக், அன்பாக. அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. ஏழை வீட்டில் பாயசத்தைப் புகழ்வது மாதிரி ஒரு அன்பு.

பரிமாறினேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள். நேசன் தன் தட்டைத் தொடவில்லை. மீனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே நான் அவர் காலை மிதித்தேன். அவர் எழுந்து நின்றார்.

"ஆரணி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் விடாதை."

"அப்பா..."

"சொல்லு. முசியே லோயிக், இந்த மீன் நான் பிடிச்சது. நேற்று. இந்தக் கையாலை. அம்மா பயத்திலை கடை எண்டவா. வாலை வெட்டச் சொன்னவை, நான்தான் மாட்டன் எண்டனான். பிழை என்ரை. அமோந் எழுதுறதெண்டா எழுதுங்கோ, கட்டுறன். ஆனா... கடை மீன் எண்டு நினைச்சுக்கொண்டு மட்டும் போகாதேங்கோ. மூண்டு வருசம் நிண்டு பிடிச்சனான்."

ஆரணி சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை. 'மூன்று வருடம்' என்ற இடத்தில் மூன்று விரலையும் நிமிர்த்திக் காட்டினாள்.

உலகத்தில் பாதிப்பேர் அகப்பட்டுவிடுவோமோ என்று பயந்து சாகிறார்கள். எனக்கு வாய்த்தவர், அகப்படாமல் போய்விடுவேனோ என்று பயந்து எழும்பி நின்றார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்?

லோயிக் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் உத்தியோக முகமாக மாறிவிட்டது.

"ஏன் வாலை வெட்டவில்லை?"

நேசன் கும்பத்தைச் சொன்னார், குடுமித் தேங்காயைச் சொன்னார். ஆரணி பாவம். "அதாவது... தேங்காய்க்குத் தலையில் முடி இருக்க வேண்டும்... மரியாதைக்கு..." என்று மொழிபெயர்த்தாள். அனிக் துவாலையால் வாயை மூடிக்கொண்டார்.

"கடல் ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறேக்கை."

"காற்று?"

"மேற்கு. அலை நல்லா நுரைச்சது."

"அந்தக் கடலில் எல்லோரும் புழுதான் போடுவார்கள்."

"நான் பிளாஸ்ரிக் மீன் போட்டனான். நேற்றுச் சனிக்கிழமை. புழு எங்களுக்கு மச்சம்."

ஆரணி இதையும் சொன்னாள். பிறகு கடற்புறாவுக்குச் சோறு வைத்ததைச் சொன்னாள். சனீஸ்வரன் இங்கே வாகனம் மாற்றியதைச் சொன்னாள். அந்த இடத்தில் லோயிக்கின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அமைதியான உடம்புக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருந்தது அவருடைய மகனுக்கே தெரியாது போலிருந்தது.

"என் முன்னால் தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டே 'வாங்கியது, முசியே' என்று சொன்னவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அமோந் எழுதச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்."

"அப்ப நம்புறீங்களோ?" என்று இவர் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

ஆரணி மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. "இந்தக் கதையை எவனாலும் இட்டுக்கட்ட முடியாது" என்றார் லோயிக்.

நேசன் பொத்தென்று கதிரையில் இருந்தார். வாயெல்லாம் பல். எங்கள் திருமண நாளில் எடுத்த படத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. இதை நான் பிறகு தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

"ஆனாலும் சட்டம் சட்டம்தான்" என்று லோயிக் என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார். வாங்கி நேசனிடம் நீட்டினார். போறணையில் முறுகிப்போயிருந்த வாலின் கீழ்ப்பாதியை என் கணவர் தன் கையாலேயே வெட்டினார். நொறுக் என்றது. துண்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியைச் சம்பந்திக்குக் கொடுத்தார், மறுபாதியைத் தன் வாயில் போட்டார். இரண்டு பேரும் அப்பளம் மாதிரிக் கடித்துத் தின்றார்கள். மழையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் தட்டுகளோடு குசினிக்குப் போக, அனிக் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்திவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே... காற்று என்ன, கடல் ஏறியதா, என்ன இரை... அது விசாரணை என்றா நினைத்தீர்கள்?"

"இல்லையா?"

"ஆயிரக்கணக்கான மீனை அளந்த மனிதர், மதாம். ஓய்வுபெற்றதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலமும் தூண்டிலோடு போகிறார். தன் கையால் ஒரு பார்கூடப் பிடித்ததில்லை. நனைந்த காலுறையோடு வருவார்."

நான் தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு அனிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிரெஞ்சு முறைப்படி கன்னத்தில் கொடுக்கும் முத்தம் இல்லை. நம் ஊர்க் கட்டிப்பிடி. இரண்டு பேரும் குசினிக்குள் நின்று சத்தம் வராமல் சிரித்தோம். சம்பந்தம் உண்மையில் அந்த இடத்தில்தான் உறுதியாயிற்று என்று நினைக்கிறேன்.

கூடத்துக்குத் திரும்பி வந்தால், இரண்டு தலைகளும் ஒரு ரெலிபோனுக்கு மேல் குனிந்திருக்கின்றன. லோயிக் நோர்மண்டிக் கரையின் வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகம்.

"சரியாக எந்த இடம், நேசன்?"

என் கணவர் — ஒரு பொய்யைத் தாங்க முடியாமல் அமோந் கேட்டு எழும்பி நின்ற மனிதர் — நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை நீட்டி, நாங்கள் வாழ்க்கையில் கால் வைத்திராத ஒரு கடற்கரையைச் சம்பந்திக்குக் காட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பத்தியில் எங்கேயும் அந்த இடத்தின் பெயர் இல்லாததை நீங்கள் கவனித்திருந்தால், லோயிக்கிடம் சொல்லிவிடாதீர்கள்.